சாதத்துக்குப் போர்த்திய கம்பளி

எளிமையாக வாழ்வது எப்படி என்று சொல்லும் புத்தகங்கள் ஒரு காலத்தில் என்னிடம் எவ்வளவு சேர்ந்துவிட்டன என்றால், கல்கத்தாவில் நாங்கள் வீடு மாறியபோது அவற்றைத் தூக்குவதற்கென்றே தனியாக ஒரு கூலியாளைப் பிடிக்க வேண்டியிருந்தது. பாத்திரம் பண்டம், படுக்கை, என் மனைவியின் டிரங்குப் பெட்டி எல்லாம் ஒரே தள்ளுவண்டியில் அடங்கிவிட்டன. தேவைக்கு மேல் ஒரு பொருளும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று வற்புறுத்தும் புத்தகம் ஒன்று இருந்தது. அதில் மட்டும் என்னிடம் இரண்டு பிரதிகள். முதல் பிரதி மற்ற புத்தகங்களுக்கு அடியில் எங்கேயோ சிக்கி அகப்படாமல் போனதால் இரண்டாவதை வாங்கினேன்.

இப்போது இதைச் சொல்லிச் சிரிக்கிறேன். ஆனால் அந்த நாட்களை நினைத்தால் சிரிப்புக்கு முன்னால் அலுப்புத்தான் வந்து நிற்கிறது. விளக்கும் கண்ணாடிச் சாமானும் சீமையிலிருந்து வரவழைக்கும் ஒரு கம்பெனியில் நான் குமாஸ்தா. காலையில் டிராமில் நின்றுகொண்டு போவேன். பகலெல்லாம் எத்தனை சிம்னி முழுசாக வந்தது, எத்தனை தூளாக வந்தது என்று சீமைக்குக் கடிதம் எழுதுவேன். சாயங்காலம் டிராமில் நின்றுகொண்டு திரும்புவேன். கல்கத்தாவில் அந்த நாளில் எனக்கு உட்கார்ந்த ஞாபகமே இல்லை. இப்படி அலுத்துப் போனவனுக்கு, இதைவிட லேசாக வாழ ஏதோ ஒரு வழி இருக்கிறது, அதை எவனோ அச்சுப் போட்டும் வைத்திருக்கிறான் என்று ஒரு நம்பிக்கை பிறந்துவிடும். வேலையை மாற்றத் தைரியமில்லாதவன் சோப்பை மாற்றிப் பார்ப்பான்.

காலேஜ் ஸ்ட்ரீட்டில் கம்பி வேலியோரமாகப் பழைய புத்தகம் பரப்பி வைத்திருப்பார்கள். ஊருக்குக் கப்பலேறும் துரைமார் கழித்துவிட்டுப் போவதெல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். அந்த வேலியில் சாய்ந்துகொண்டு நான் வாங்கியவற்றில் ஒன்று, நெருப்புக் காட்டாத தானியமே மனிதனுக்கு ஏற்றது என்றது. ஊறவைத்த கோதுமையைச் சில நாள் மென்றேன். என் வயிறு போட்ட சத்தத்தைக் கேட்டு, நான்தான் ஏதோ கேட்கிறேனென்று எங்கள் துரை "என்ன?" என்று திரும்பிப் பார்த்தார். இன்னொன்று, விடியற்காலைப் பனியில் வெறுங்காலோடு நடந்தால் குளிர் உடம்பை உரமாக்கும் என்றது. மைதானத்தில் செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு நடந்தேன். திரும்பி வந்து பார்த்தால், செருப்பும் என்னை விட்டுவிட்டு வேறு எவனோடோ எளிய வாழ்க்கை நடத்தப் போய்விட்டது. இதையெல்லாம் நான் மனைவிக்குத் தமிழில் படித்தும் காட்டுவேன். அவள் உளுந்து அரைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

"உங்க எளிமைக்கு நான்னா ரெட்டை வேலை பண்றேன்" என்பாள். "கோதுமையை ஊற வெக்கறதும் நான். அப்புறம் உங்களுக்குச் சுக்குக் கஷாயம் வெக்கறதும் நான்."

எங்கள் வீடு பவானிபூரில். முற்றத்தைச் சுற்றி மூன்று குடித்தனம். மாடியில் வீட்டுக்காரர் குடும்பம், கீழே எங்களுக்கு எதிரில் ஒரு வங்காளி குமாஸ்தா குடும்பம், இந்தப் பக்கம் நாங்கள். கல்கத்தாவில் சமையல் எல்லாம் கரி அடுப்பில்தான். இரும்பு வாளிக்கு உள்ளே மண் பூசி, கம்பி கோத்திருப்பார்கள். அதற்கு உனுன் என்று பெயர். அடியில் வறட்டியைக் கொளுத்தி மேலே நிலக்கரியைக் கொட்டினால் முதலில் நெருப்பு வராது. புகைதான் வரும். மஞ்சளும் கறுப்புமாகத் தொண்டையைப் பிடிக்கிற புகை. அது அடங்கிக் கரி சிவக்க அரைமணிக்கு மேலாகும். அதனால் வங்காளிப் பெண்கள் உனுனை முற்றத்தில் வைத்து மூட்டி, புகை போன பிறகு உள்ளே தூக்கிக்கொண்டு போவார்கள். நல்ல ஏற்பாடு.

என் மனைவி மட்டும் அப்படிச் செய்யமாட்டாள். அவள் குளித்து, மடிப்புடைவை கட்டிக்கொண்டு அடுக்களைக்குள் போகிறவள். அந்த முற்றத்திலோ மூன்று வேளையும் மீன் செதுக்குவார்கள். குழாயடியில் செதில் மினுமினுக்கும். அங்கே போய் அடுப்பு மூட்டி, அதைத் திரும்ப அடுக்களைக்குள் கொண்டுவருவதென்பது அவளைப் பொறுத்தமட்டில் நினைக்கவே தகாத காரியம். ஆகவே ஒரே ஒரு ஜன்னல் உள்ள அடுக்களைக்குள்ளேயே உனுனை மூட்டுவாள். தன் புகை வெளியே போக ஜன்னலைத் திறந்தால் முற்றத்துப் புகை உள்ளே வரும். இரண்டையும் அவள்தான் விழுங்கினாள். அடுப்புக்கு மடி கெடவில்லை. அவள் மார்புதான் கெட்டது.

மற்ற மாதங்களில் ஆற்றுக் காற்று அடித்து ஒருமாதிரி சமாளித்துவிடும். மார்கழி பிறந்ததும் சாயங்காலப் புகை மேலே போகாது. தெருவிலேயே நிற்கும். டிராம் வருவது கண்ணுக்குத் தெரியாது, மணிச்சத்தம்தான் கேட்கும். நாங்கள் அந்த வீட்டுக்கு வந்த இரண்டாவது வருஷம் ஐப்பசியிலேயே அவளுக்கு இருமல் தொடங்கிவிட்டது. இருமி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் நிற்பாள். அப்படிப் பேசாமல் நிற்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. வங்காளி டாக்டர் ஒருவர் முதுகில் தட்டிக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "ஒன்று, அடுப்பை வெளியே வையுங்கள். இல்லாவிட்டால் ஆளை வெளியூருக்கு அனுப்புங்கள்."

இந்தச் செய்தி எப்படியோ மாயவரம் போய்ச் சேர்ந்தது. அவளுடைய தமையனார் அங்கே வக்கீல். கிறிஸ்துமஸுக்குக் கோர்ட்டு மூடியதும் தாமே வந்து தங்கையை அழைத்துக்கொண்டு போவதாக எழுதிவிட்டார். கேள்வி இல்லை, தீர்ப்பு.

"போயிட்டு வரயா?" என்று கேட்டேன்.

"போறது சரி. வரது?" என்றாள். "அண்ணாவைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. ஒரு சாமானை வாங்கிண்டார்னா திருப்பிக் குடுக்க மாட்டார். அங்க மன்னி கஷாயம் போட்டுக் குடுப்பா, நன்னாத்தான் கவனிச்சுப்பா. ஆனா அங்க நான் இருமறவ. கூடத்து மூலையில ஒரு பாய். இங்க இருமினாலும் இது என் அடுக்களை."

"அப்ப உனுனை முத்தத்துல வெச்சு மூட்டேன். டாக்டர் சொல்றாரே."

"டாக்டர் மீன் தின்றவர்" என்றாள். அதோடு வாதம் முடிந்தது.

எனக்கு என்ன பயமென்று வெளியில் சொல்லவில்லை. அவள் வருவதற்கு முன்பு சாப்பிட்ட மெஸ் ரசத்துக்குத் திரும்ப வேண்டுமே என்று கவலைப்படுவதுபோல் பாசாங்கு செய்தேன். உண்மையில், இவள் ஒருதரம் ஹவுராவில் ரயிலேறினால் பிறகு நான் அந்த வீட்டில் யாருக்கு என்ன படித்துக் காட்டுவது? அண்ணா வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். என்னைப்போன்றவன் அவசரத்துக்கு என்ன செய்வான்? காலேஜ் ஸ்ட்ரீட்டுக்குப் போய் ஒரு புத்தகம் வாங்கினேன்.

தடிப் புத்தகம். அட்டையில் பாதி இல்லை. கற்பூரமும் பூஞ்சக்காளானும் கலந்த வாசனை. வேலைக்காரர் வைத்துக்கொள்ள வசதியில்லாத குடும்பப் பெண்களுக்கென்று சீமையில் யாரோ ஓர் அம்மாள் எழுதியது. ஆத்மாவைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. கறை போக்குவது, கிழிந்ததைத் தைப்பது, மிஞ்சினதை வீணாக்காமலிருப்பது என்று போய்க்கொண்டே இருந்தது. நடுவில் ஓரிடத்தில் வைக்கோல் பெட்டி என்று ஒன்று வந்தது. டிராமில் நின்றுகொண்டே படித்தவன், இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிக் காளிகாட்டில் போய் இறங்கினேன்.

விஷயம் இவ்வளவுதான். அரிசியோ பருப்போ, அடுப்பில் வைத்து நன்றாகக் கொதிக்க விடவேண்டும். கொதிக்கும்போதே மூடியோடு தூக்கி, வைக்கோல் அடைத்த ஒரு பெட்டிக்குள் பதித்து, மேலே கனமாகப் போர்த்தி மூடிவிடவேண்டும். தன் சூட்டிலேயே அது வெந்துவிடும். பல மணி நேரம் ஆறவும் ஆறாது. அதாவது, காலையில் மூட்டிய கரி மத்தியானம் அணையப் போகும் சமயத்தில் ராத்திரிச் சாப்பாட்டைக் கொதிக்கவைத்துப் பெட்டியில் போட்டுவிட்டால் சாயங்காலம் அடுப்பே மூட்ட வேண்டாம்.

மனைவிக்கு இதைப் படித்துக் காட்டினேன். வழக்கமான கேலியை எதிர்பார்த்தேன். அவள் அரைப்பதை நிறுத்திவிட்டாள்.

"அந்தப் பக்கத்தை இன்னொரு தரம் படியுங்கோ" என்றாள்.

மறுநாள் ஆபீசில் கேட்டு ஒரு மரப்பெட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் வாசற்படியிலேயே மறித்தாள்.

"என்ன வந்த பெட்டி இது?"

"சிம்னி வந்த பெட்டி."

"சிம்னிதானே? சாராயப் புட்டி இல்லையே?"

"சத்தியமா சிம்னி."

குனிந்து மோந்து பார்த்தாள்.

"என்னை நம்பலையா?"

"உங்களை நம்பறேன். பெட்டியைத்தான் நம்பலை. இதுக்குள்ள இருக்கற வைக்கோலை எந்த தேசத்துல எவன் மிதிச்சானோ, முதல்ல அதைக் கொட்டிட்டு வாங்கோ."

பெட்டியைத் தேய்த்து அலம்பி வெயிலில் காயவைத்தாள். பால்காரனிடம் புது வைக்கோல் கேட்டு வாங்கினோம். பசு தின்பதென்றால் ஆட்சேபணை இல்லையாம். அடுத்தது போர்வை. பழைய பஞ்சு மெத்தையோ ரஜாயோ போடலாம் என்று புத்தகம் சொல்லியிருந்தது.

"ரஜாயா? ராத்திரி மேல போட்டுண்டு தூங்கறதை சாதத்துமேல போடறதா? விழுப்பாச்சே!"

"புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"எழுதின மாமி மடியா சமைக்கறவளா?"

"வெள்ளைக்காரி."

"அதான்" என்றாள். பிறகு அவள் பார்வை அறைக்குள் போயிற்று. அங்கே கொடியில் என் கம்பளி தொங்கிக்கொண்டிருந்தது. கல்கத்தாவுக்கு வந்த முதல் குளிரில், பல் கிட்டிப்போய் வாங்கிய கனத்த கம்பளி. "கம்பளிக்கு விழுப்பு கிடையாது" என்றாள் நிதானமாக.

அந்த விதி எனக்கும் தெரியும். பட்டுக்கும் கம்பளிக்கும் விழுப்பு என்கிற தீட்டு ஒட்டாதென்று சாஸ்திரம். காவேரிக்கரையில் கம்பளிக்கு வேலை ஏது? அங்கே உட்கார்ந்துகொண்டு இதை விதித்தவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மார்கழிக் கல்கத்தாவில் அது என் முதுகில் வந்து விழுந்தது.

"அப்ப எனக்கு?"

"உங்களுக்குத்தான் குளிர் உடம்புக்கு உரம்னு ஒரு புஸ்தகமே இருக்கே! நீங்கதானே எனக்குப் படிச்சுக் காட்டினேள்?"

"சரி, பகல்ல சாதத்துக்கு. ராத்திரி எனக்கு. கம்பளிக்குத்தான் விழுப்பு கிடையாதே."

"விழுப்பு கிடையாது. பத்து உண்டு. சாதப் பானை பட்ட கம்பளியைப் படுக்கையில போட்டா படுக்கை பத்தாயிடும்."

பத்து என்பது, சமைத்த சாதம் பட்டால் ஒட்டிக்கொள்ளும் இன்னொரு தீட்டு. வக்கீல் வீட்டுப் பெண்ணிடம் வாயைக் கொடுத்தது என் தப்பு. வீட்டிலிருந்த ஒரே ரஜாய் இருமுகிறவளுக்கு வேண்டும். நான் அன்றிலிருந்து ஜமக்காளத்தை மடித்துப் போர்த்திக்கொண்டேன். புத்தகம் சொன்னதுபோல் உடம்பு உரமாகவில்லை. மூக்குத்தான் ஒழுகியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் பரீட்சை. வெண்கலப் பானையைக் கொதிக்கக் கொதிக்கத் தூக்கிப் பெட்டியில் வைத்து அவள் மூடினாள். பெட்டியைத் திறக்கவே கூடாது என்று புத்தகம் இரண்டு இடத்தில் எச்சரித்திருந்தது. ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்கப் போகிறவன் மாதிரி நான் அடிக்கடி போய்த் திறந்து பார்த்தேன். சாயங்காலம் ஓரத்தில் வெந்தும் நடுவில் வேகாமலும் ஒரு பண்டம் கிடைத்தது. அடுத்த தடவை என்னை வெளியே அனுப்பிவிட்டுச் செய்தாள். அன்று கஞ்சியை வடிக்க வழியில்லாததால் சாதம் களியாகிவிட்டது. போஸ்டர் ஒட்டியிருக்கலாம். மோரை விட்டுக் கரைத்துக் குடித்தோம். பிறகு அவள் தண்ணீரைக் குறைத்தாள், நான் திறப்பதைக் குறைத்தேன். மெதுவாக வழிக்கு வந்தது. பருப்பு மட்டும் முதல் நாளிலிருந்தே வெண்ணெயாக வெந்தது. நான் வாங்கிய புத்தகங்களிலேயே, சொன்னதைச் செய்து காட்டிய முதல் புத்தகம் அதுதான். நம்பமுடியாமல் அட்டையைத் தடவிப் பார்த்தேன், இருந்த பாதி அட்டையை.

ஆனால் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. சாயங்காலம் அடுக்களையில் அடுப்பு இல்லை. அடுப்பு இல்லாததால் ஜன்னலைத் திறக்கவேண்டிய அவசியமும் இல்லை. ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணியைத் திணித்து, கதவையும் மூடிவிட்டால், முற்றத்துப் புகை வெளியிலேயே நின்றது. வீட்டிலேயே மோசமான புகைக்குழியாக இருந்த அந்த அடுக்களைதான் இப்போது மூச்சுவிடக்கூடிய ஒரே அறை. ஆபீசிலிருந்து வந்ததும் கால் கை அலம்பிக்கொண்டு நானும் அங்கேயே போய்ச் சுவரில் சாய்ந்து உட்காருவேன். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவே பெட்டி. யாரும் எதையும் கிளறவேண்டாம், ஊதவேண்டாம். எனக்குக் கல்கத்தாவில் உட்கார்ந்த ஞாபகமில்லை என்று சொன்னேன் அல்லவா? அந்த அரைமணியைக் கணக்கில் சேர்க்கவில்லை. சில நாள் பேச்சுக்கூட இருக்காது. இரண்டு பேருக்கும் அவ்வளவு அசதி. பெட்டிக்குள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பே போதுமாயிருந்தது.

இருமல் குறைந்தது. போய்விடவில்லை. காலை அடுப்பும் புகைத்தானே? ஆனாலும் இருமிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது குறைந்துவிட்டது.

மாடியிலிருந்த வீட்டுக்கார அம்மாளை என் மனைவி பௌதி என்று கூப்பிடுவாள். வங்காளத்தில் அண்ணிக்கு அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் ஜன்னலில் சாயங்காலப் புகை வராததைப் பார்த்துவிட்டு, வீட்டில் சண்டையோ, பட்டினியோ என்று பௌதி விசாரிக்க வந்தாள். என் மனைவி தனக்குத் தெரிந்த வங்காளியில், தெரியாத இடங்களில் தமிழைப் போட்டு நிரப்பி, பெட்டியைக் காட்டி விளக்கினாள். பௌதி விழுந்து விழுந்து சிரித்தாள். "மதராஸிகள் சாதத்துக்குப் போர்த்தித் தூங்க வைக்கிறார்கள்!" என்று போய் வீடெல்லாம் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எதிர்வீட்டுக் குமாஸ்தா, நான் ஆபீசிலிருந்து நுழையும்போதெல்லாம் ஹூக்காவை எடுத்துவிட்டு, மொஷாய் என்று, அதாவது ஐயா என்று, குரல் கொடுப்பார்: "என்ன மொஷாய், உங்கள் சாதம் எழுந்துவிட்டதா?" நானும், "இன்னும் இல்லை மொஷாய், ராத்திரியெல்லாம் கண்விழித்ததாம்" என்று சொல்லிவைப்பேன்.

அண்ணா வரும் நாளுக்கு நான் ஒரு திட்டம் போட்டிருந்தேன். மெயில் காலையில் ஹவுராவுக்கு வரவேண்டும். நேரே வீட்டுக்கு அழைத்துவந்து, புகையில்லாத பகல் வேளையில் சாப்பாடு போட்டு, வெளிச்சமான அடுக்களையைக் காட்டிவிடவேண்டும். சாயங்காலம் புகை கிளம்புவதற்குள் காளிகாட்டுக்குத் தரிசனத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், எல்லாம் அடங்கிய பிறகு திரும்பவேண்டும். கோர்ட்டில் சாட்சியை மறைப்பது மாதிரி, ஊரின் சாயங்காலத்தையே வக்கீலிடமிருந்து மறைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

மெயில் பிற்பகல் வந்து சேர்ந்தது. மூட்டையும் கூஜாவுமாக இறங்கியவரைக் குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்தால், பாலம் திறந்திருந்தது. ஹவுராப் பாலம் அந்த நாளில் படகுகளின்மேல் மிதக்கும் பாலம். கப்பல் வந்தால் நடுவில் பிரித்து விலக்கிவிடுவார்கள். இந்தப் பக்கம் வண்டிகள் கண்ணுக்கெட்டிய வரை நின்றன.

"இது என்ன மாப்பிள்ளை, பாலம் ரெண்டாப் போயிருக்கு?"

"கப்பல் போகணும்."

"அப்ப மனுஷா?"

"மனுஷா காத்துண்டிருக்கணும்."

பொடி டப்பாவை எடுத்து ஒரு சிட்டிகை இழுத்தார். "இந்த ஊர்ல நீர் எப்படி இருக்கிறீர்?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் கப்பல்கள் அவசரமில்லாமல் போயின. சூரியன் ஆற்றுக்கு மேலே சிவந்து இறங்கியது. என் திட்டமும் அதோடு கூடவே இறங்கியது.

நாங்கள் வீட்டு வாசலில் நுழைந்தபோது சரியான புகை வேளை. முற்றத்தில் இரண்டு உனுன்களும் அப்போதுதான் மூட்டியிருந்தன. கைநீளத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. புகைக்குள்ளிருந்து எதிர்வீட்டுக்காரரின் குரல், "மொஷாய், சாதம் எழுந்ததா?" என்றது. அண்ணாவுக்கு முதல் இருமல் வாசலில் வந்தது. முற்றத்தின் நடுவில் நின்று கண்ணைப் பிழிந்துகொண்டு இருமினார். பொடி போட்டுப் பழகிய மூக்கு. அதற்கே தாங்கவில்லை.

"அண்ணா, அங்க நிக்காதே! உள்ள வந்து கதவைச் சாத்து!" என்று அடுக்களையிலிருந்து அவள் கூப்பிட்டாள்.

ரயில் விழுப்பைக்கூட அவள் அன்று பார்க்கவில்லை. மூன்று பேரும் உள்ளே அடைந்துகொண்டோம். அவர் மணையில் உட்கார்ந்து இன்னும் இருமினார். அவள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். ஓய்ந்ததும் சுற்றுமுற்றும் பார்த்தார். விளக்கு ஆடாமல் எரிந்தது. புகையில்லை.

"எங்கே அடுப்பு?"

"மத்தியானமே அணைஞ்சாச்சு."

"அப்ப எனக்கு என்ன, பழையதா?"

அவள் பெட்டியைத் திறந்து கம்பளியை விலக்கினாள். பானை மூடியைத் தூக்கியதும் ஆவி எழும்பி அவர் கண்ணாடியை மறைத்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குறுக்கு விசாரணையைத் தொடங்கினார். எப்போது கொதித்தது, வைக்கோல் யாருடையது, பெட்டி எங்கேயிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கம்பளி என்றதும் சற்று யோசித்தார். "கம்பளிக்குத் தோஷமில்லை. சரிதான்" என்று தலையை ஆட்டிவிட்டு இலையில் உட்கார்ந்தார். பருப்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக்கொண்டார். என் மனைவி பரிமாறிக்கொண்டே இருந்தாள். அவர் மோருக்குக் கை நீட்டியபோதுதான் கேட்டாள்.

"அண்ணா, நீ வந்ததுலேர்ந்து இந்த ஆத்துல யார் இருமறா?"

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சரியாக அந்தச் சமயத்தில் அவளுக்கு இருமல் வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றாள். அண்ணா கையை இலையிலேயே வைத்துக்கொண்டு அவள் முதுகைப் பார்த்தார். எல்லாப் புத்தகமும் என்னைக் கைவிட்டுவிட்டது.

இருமல் நின்றதும் அவளே பேசினாள். "போயிடுத்துன்னு நான் சொல்லலை. கொறைஞ்சிருக்கு. காலம்பரப் புகை இன்னும் இருக்கு, தெருப் புகை இருக்கு. ஊருக்கு வந்தா முழுக்கப் போயிடும், அதுவும் தெரியும். ஆனா நீ திருப்பி அனுப்ப மாட்டே. கூடத்து மூலையில சொகமா உக்காந்துண்டு மூச்சு விடறதுக்கு, இங்க கொஞ்சம் இருமிண்டு என் அடுக்களையில இருக்கேன். எனக்கு இது போறும் அண்ணா. ராத்திரி மூச்சு வரது."

அவர் மோர்சாதத்தைப் பிசைந்து, ஒரு பருக்கை மிஞ்சாமல் சாப்பிட்டு முடித்தார்.

"வெயில் வரட்டும்" என்றார் கடைசியில். "அப்பவும் இருமல் இருந்துதுன்னா உன்னையும் கேக்க மாட்டேன், இவரையும் கேக்க மாட்டேன். தூக்கிண்டு போயிடுவேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தப் புஸ்தகத்தை இங்க கொண்டாரும்" என்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பாதி அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். நான் வாங்கிய மற்ற புத்தகங்களைப் பற்றி நல்ல வேளையாக அவர் கேட்கவில்லை.

மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "மாப்பிள்ளை, ராத்திரி இந்த ஆத்துல சாதம் ஒண்ணுதான் சொகமாத் தூங்கித்து." ஜமக்காளத்தில் பாதியை அவருக்குக் கொடுத்திருந்தேன். வேறு என்ன செய்வது? மூன்றாம் நாள் ஹவுராவில் அவரைத் தனியாகத்தான் ரயிலேற்றினேன். பாலம் அன்று மூடியிருந்தது, காத்திருக்கவில்லை.

வெயில் வந்தது. இருமல் பெரும்பாலும் போயிற்று. அவள் போகவில்லை. காலை அடுப்பை மட்டும், விடிவதற்கு முன்னால், மீன் வருவதற்கு முன்னால், முற்றத்தை அவளே அலம்பிவிட்டு அங்கே மூட்டிக்கொள்ளலாம் என்று ஒருவாறு சாஸ்திரத்தோடு சமாதானம் செய்துகொண்டாள். இந்தத் தடவை நான் கேட்கவில்லை. கேட்டால் மறுத்திருப்பாள். என் புத்தகங்களில் பெரும்பகுதியைக் காலேஜ் ஸ்ட்ரீட்டிலேயே கொண்டுபோய்த் தள்ளிவிட்டேன். வாங்கியவன் அவற்றின் கனத்தைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தான். தடிப் புத்தகம் மட்டும் அடுக்களை அலமாரியில் நின்றது. அதற்கு மஞ்சள் கறையும் எண்ணெய்க் கறையும் ஏறிவிட்டன. கறை போக்கும் வழி அதிலேயே இருந்தது. யாரும் அந்தப் பக்கத்தைப் பிரிக்கவில்லை.

அடுத்த மார்கழிக்கு முன்னால், இனிமேல் என்னால் ஆகாது என்று, எனக்கென்று ஒரு புதுக் கம்பளி வாங்கிக்கொண்டு வந்தேன். பழையதைவிட மெல்லியது, சிவப்புக் கரை போட்டது. பொட்டலத்தை நான் பிரிப்பதற்குள் அவளே பிரித்து, விரித்துப் பார்த்து, கன்னத்தில் வைத்து அழுத்தினாள்.

"நல்ல வேளை வாங்கிண்டு வந்தேள்" என்றாள். "குழம்புக்கு ஒண்ணு வேணும்னு நானே சொல்லணும்னு இருந்தேன்."